மெட்ராஸுக்கு அனுப்பிய சர்க்கரைப் பை

படித்து முடித்து நான் சேர்ந்த முதல் வேலையில் என்னோடு யாரும் பேசவில்லை. விரோதம் ஒன்றும் கிடையாது, மரியாதைதான் காரணம். திருவண்ணாமலையில் போளூர் ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் இருந்த கூல்டிரிங்ஸ் பாட்டில் கம்பெனி அது. முப்பது பேர் வேலை செய்தார்கள். பாட்டில் கழுவுகிற பெண்கள், சிரப் காய்ச்சுகிறவர்கள், மூடி அடிக்கிற மிஷின்காரர், பாட்டில் அடுக்கிய கிரேட் பெட்டிகளைத் தூக்குகிறவர்கள். நான் நடந்து வந்தால் பேச்சு நின்றுவிடும். என் அப்பா வயதுக்காரர்கள் பீடியை முதுகுக்குப் பின்னால் கொண்டு போவார்கள். எனக்கு அங்கே 'டெஸ்ட் சார்' என்று பெயர்.

பிளைவுட் தடுத்த சின்ன அறையில் ஒரு தராசு, பாகின் அடர்த்தி பார்க்க ஒரு ஹைட்ரோமீட்டர், பத்துப் பன்னிரண்டு கண்ணாடிக் குடுவைகள், நான். ஜன்னலில் மலையின் வடக்குப் பக்கம் தெரியும். சேர்ந்த புதிதில் ஒரு நாள் மத்தியானம் என் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி புடவைத் தலைப்பால் தரையைத் துடைத்து, "உக்காருங்க சார்" என்றாள். உட்கார்ந்தேன். அவர்கள் நின்றபடியே இருந்தார்கள். நாலு வாய் தின்றுவிட்டு, வேலை இருக்கிறதுபோல் கடிகாரத்தைப் பார்த்து எழுந்து உள்ளே வந்துவிட்டேன். அப்புறம் போகவில்லை.

தங்கியிருந்த இடமும் அப்படித்தான் வாய்த்தது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டின் பின்கட்டில் இரண்டு அறைகள். ஒன்று எனக்கு. இன்னொன்றில் ஒரு வெள்ளைக்காரர். மௌன விரதம். கிணற்றடியில் எதிரே வந்தால் கை கூப்புவார், நானும் கூப்புவேன். ஒரு வருஷம் பக்கத்து அறையில் இருந்தும் அவர் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கம்பெனியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பானத்தின் பெயர், பாட்டிலின் வடிவம், எசன்ஸ் மூன்றும் மெட்ராஸ் கம்பெனிக்குச் சொந்தம். பெரிய வெளிநாட்டுக் கம்பெனி நாட்டை விட்டுப் போன பிறகு இப்படி நாலைந்து கம்பெனிகள் புதிதாகக் கிளம்பியிருந்த நேரம். எங்கள் முதலாளி அவர்களிடம் அக்ரிமெண்ட் போட்டு, எங்களைச் சுற்றி நாலு தாலுகாவுக்கு பாட்டில் நிரப்பி விற்கும் உரிமை வாங்கியிருந்தார். அக்ரிமெண்டில் 'பிரான்சைஸ்' என்று போட்டிருக்கும், முதலாளி வாயில் அது எப்போதும் 'லைசென்ஸ்'தான். அதற்கு முன் தேரடி வீதியில் கோலி சோடா போட்டு விற்றவர்.

அக்ரிமெண்டின்படி எசன்ஸை மெட்ராஸிலிருந்து மட்டும் வாங்க வேண்டும். சர்க்கரை, மூடி, மரப்பெட்டி இவற்றை வெளியே வாங்கலாம், ஆனால் மெட்ராஸ்காரர்கள் ஒப்புக்கொண்ட பட்டியலில் இருப்பவர்களிடம் மட்டும். சர்க்கரைக்கான பட்டியலில் இரண்டு ஆலைகள் இருந்தன. இரண்டும் மகாராஷ்டிரத்தில். கூட்ஸ் வண்டியில் ஏற்றி, காட்பாடியில் சின்ன ரயிலுக்கு மாற்றி, ஒரு வழியாக எங்கள் ஸ்டேஷனுக்கு வந்து சேரும். போன கோடையில் அது வந்து சேரவில்லை. சித்திரை வெயிலில், ஒரு பாட்டிலுக்கு நாலு பேர் கை நீட்டுகிற நேரத்தில், பதினோரு நாள் மிஷின் நின்றது.

"நம்ம ஊரச் சுத்திக் கரும்பு. சர்க்கர வர்றது பம்பாய் பக்கத்துலருந்து. வெளியில சொன்னா சிரிப்பான் தம்பி" என்றார் முதலாளி. பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஓர் ஆலையிடம் அவர் பேசி முடித்திருந்தார். அவர்கள் தரத் தயார். மெட்ராஸ் பட்டியலில் அந்த ஆலை பெயர் ஏற வேண்டும், அவ்வளவுதான். ஏறாவிட்டால் என்ன என்பதற்கு மெட்ராஸிலிருந்து வந்திருந்த கடிதத்தை எடுத்து என் முன்னால் போட்டார். இன்னொரு கோடை மிஷின் நின்றால், நாலு தாலுகாவையும் வேலூரில் இதே பானத்தை நிரப்பி விற்கிறவரிடம் சேர்த்துவிடுவதாக அதில் இருந்தது.

"படிச்சியா? முப்பது பேரு. உன்னையும் சேத்து முப்பத்தியோரு பேரு. மாசிக்குள்ள அந்தப் பேர ஏத்திக் குடுத்துடு. உன்ன பர்மனெண்ட் பண்ணிடறேன்."

ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். பத்தாவது பாஸ் செய்தபோது தெருவே பார்க்க வந்தது. அப்புறம் ஊர்க் கல்லூரியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. ஆனால் ஒரு கம்பெனிக்கு இன்னொரு கம்பெனி எப்படிக் கடிதம் எழுதும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. ஆறு தடவை எழுதிக் கிழித்து, ஏழாவதை டைப் அடிக்கக் கொடுத்தேன். ஏன் புது ஆலை வேண்டும், ஆலை எவ்வளவு தர முடியும், எத்தனை நாளில் வரும், அவர்களுடைய சோதனைத் தாள் நகல், எல்லாம் வைத்து அனுப்பினேன்.

பத்து நாளில் பதில் வந்தது. மாதிரி எடுக்கும் முறை இரண்டு பக்கத்துக்கு இருந்தது. மூன்று வேறு மூட்டைகளிலிருந்து எடுத்துக் கலக்க வேண்டும். ஒரு பாதியைக் கண்ணாடி ஜாடியில் போட்டு நாங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு பாதியை இரட்டைக் காடாத்துணிப் பையில் தைத்து, அரக்கு சீல் வைத்து, பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். கூடவே ஓர் உறுதிமொழித் தாள். 'மாதிரி எடுத்த நேரத்திலிருந்து தபாலில் சேர்க்கும் வரை இது என் கையிலோ கம்பெனியின் பூட்டிய அறையிலோ மட்டுமே இருந்தது.' கீழே மாதிரி எடுத்தவர் கையெழுத்து.

பொங்கல் முடிந்த வாரம், ஒரு சனிக்கிழமை காலை ஆலைக்குப் போனேன். ரோட்டில் அரை மைலுக்குக் கரும்பு வண்டிகள் வரிசையாக நின்றன. மாடுகளை அவிழ்த்துவிட்டு வண்டிக்குக் கீழேயே படுத்திருந்தார்கள். ஆலையின் கெமிஸ்ட் என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். சட்டையெல்லாம் பாகு வாசனை.

"நீங்க பி.எஸ்ஸி.யா?"

"ஆமாங்க."

"வீட்ல எல்லாம் படிச்சவங்களா?"

"இல்லங்க. நான்தான் மொதல்ல."

"அப்ப நீயும் நானும் ஒண்ணு" என்றார். அந்த நிமிஷத்திலிருந்து 'நீ'தான். "எங்கப்பா இதே ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்னவரு. ரோட்ல பாத்த இல்ல, அந்த மாதிரி வண்டிக்கு அடியிலதான் நான் அஞ்சாவது பாடம் படிச்சேன். வா, டீ குடிச்சிட்டு மூட்டையப் பாக்கலாம்."

மூட்டைகளை அவர் என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். குடோனின் மூலையில், அடியில் கிடந்ததில் ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று. "நல்லா கஷ்டமான எடத்துலருந்தே எடு. நாளைக்கு ஒருத்தன் வந்து பொறுக்கி எடுத்தாங்கன்னு சொல்லக் கூடாது." மாதிரி எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். நிறம், சாம்பல் அளவு, கந்தகம் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கேட்க ஒரு ஆள். பஸ் வந்தபோது எனக்குப் புறப்பட மனசில்லை. என் மடியில் தைத்த பை, தோள்பையில் ஜாடி. ஜன்னலுக்கு வெளியே அவர் கத்திச் சொன்னார்: "குறை இருந்தா எழுது. தாராளமா எழுது. இல்லாத குறைய எழுதிடாதப்பா!"

திருவண்ணாமலை வந்து சேர்ந்தபோது தபாலாபீஸில் பதிவுத் தபால் நேரம் முடிந்திருந்தது. இனித் திங்கள்கிழமைதான். முறைப்படி நான் நேராகக் கம்பெனிக்குப் போய், டெஸ்ட் ரூமில் வைத்துப் பூட்டியிருக்க வேண்டும். சைக்கிளில் கால் மணி நேரம். ஆனால் பஸ் ஸ்டாண்டில் செஞ்சி ரோடு பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கீழ்பென்னாத்தூரில் இறங்கி நடந்தால் எங்கள் ஊர். இரண்டு வார்த்தை பேசிய சந்தோஷம் உடம்பில் அப்படியே இருந்தது. அதோடு அந்த அறைக்குப் போய் உட்காரப் பிடிக்கவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் என்ன வேலை செய்கிறேன் என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கியதில்லை. கையில் எடுத்துக் காட்டுகிற மாதிரி ஒரு வேலை அன்றைக்குத்தான் என்னிடம் இருந்தது. ஏறிவிட்டேன்.

அப்பா வேர்க்கடலை ஆய்ந்துவிட்ட மல்லாட்டைக் கொடியை வாசலில் குவித்துக்கொண்டிருந்தார். பையைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "இன்னாடா இது, சர்க்கரையா? ஊட்டுக்கு வாங்கினு வந்தியா?"

"இல்லப்பா. மெட்ராஸுக்கு அனுப்பறது. அவங்க சோதிச்சுப் பாத்து நல்லா இருக்குதுன்னு சொன்னாத்தான் எங்க கம்பெனி இதை வாங்கலாம்."

"சர்க்கர நல்லா இருக்குதான்னு பாக்க மெட்ராஸ் போவணுமா? நாக்குல வெச்சா தெரியாது?" அப்பா சிரித்தார். "இதுக்கா நாலேக்கர்ல ஒரு ஏக்கர வித்துப் படிக்க வெச்சேன்?"

அம்மா அதை வாங்கி, சாமி படத்துக்குக் கீழே பலகைமேல் வைத்தாள். ராத்திரி சோறு போடும்போது கேட்டாள். "இதுலதான் உன் வேல நிக்குதா?"

"ஆமாம்மா. இது பாஸாச்சுன்னா பர்மனெண்ட்."

"அந்த ஊட்டுப் பேரு கெடாம நல்லபடியா ஆவட்டும்" என்றாள். எந்த வீட்டை நினைத்துச் சொன்னாளோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தபோது, அம்மா தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு பலகை முன்னால் உட்கார்ந்திருந்தாள். பையின் நாலு மூலையிலும் மஞ்சள் பூசியிருந்தது. நடுவில் குங்குமப் பொட்டு. அப்போதுதான் அம்மியில் அரைத்த மஞ்சள். விழுது கெட்டியாக, பளபளவென்று ஈரமாக இருந்தது. கல்யாணப் பத்திரிகைக்கும் புதுத் துணிக்கும் வைப்பதைத்தான் வைத்திருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து நல்ல காரியத்துக்கு எதுவும் மூலையில் மஞ்சள் இல்லாமல் வெளியே போனதில்லை.

நான் பார்த்தேன். வேதியியல் படித்தவன், சர்க்கரை ஈரத்தை எப்படி இழுக்கும் என்று தெரிந்தவன், நின்று பார்த்தேன். எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. நான் கொண்டுவந்த ஒரு பொருளை அவள் தன் காரியமாக எடுத்துக்கொண்டுவிட்டாள். துடைக்கச் சொல்ல வாய் வரவில்லை. மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டது. திங்கள்கிழமை காலை மேலே ஒரு பழுப்புத் தாள் சுற்றி, முகவரி எழுதி, உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தேன். இரண்டு ராத்திரி எங்கள் வீட்டில் இருந்ததில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

ஜாடியில் இருந்த பாதியை நானும் சோதித்தேன். எங்கள் தொழிலில் சர்க்கரைக்குப் பெரிய பரீட்சை ஒன்று உண்டு. சர்க்கரைப் பாகில் புளிப்பு சேர்த்து பாட்டிலில் ஊற்றி, பத்து நாள் அசையாமல் வைக்க வேண்டும். கெட்ட சர்க்கரையாக இருந்தால் உள்ளே பஞ்சு பஞ்சாக ஏதோ மிதக்கத் தொடங்கும். பத்து நாளும் காலையில் வந்ததும் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே வைத்துப் பார்ப்பேன். அந்த நாட்களில் நான் அதிகம் பார்த்தது அந்த பாட்டில்களைத்தான். பத்தாம் நாளும் தண்ணீர் மாதிரி இருந்தன. ஆலை கெமிஸ்டுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன்: 'நம்மிடத்தில் பாஸ்.'

மாசி பிறந்து மெட்ராஸ் கடிதம் வந்தது. நிறம் அளவுக்கு மேல் மூன்று மடங்கு. மஞ்சள் துகள்கள். அன்னியப் பொருள். நிராகரிக்கப்படுகிறது. அடுத்த கரும்புப் பருவம் வரை இந்த ஆலைக்காக மறுபடி விண்ணப்பிக்கக் கூடாது. மிச்ச மாதிரியையும் பையையும் உறைகளையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

முதலாளி டிரங்க் கால் போட்டு ஆலையைக் கூப்பிட்டு, என் முன்னாலேயே கத்தினார். "நம்ம பையன நல்ல மூட்டையக் காட்டி, பையில வேற எதையோ போட்டுத் தெச்சிருக்கான் அந்த கெமிஸ்ட்டு! டீ வாங்கிக் குடுத்து ஏமாத்திட்டாங்க!" போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "உம்மேல தப்பு இல்ல தம்பி. நீ சின்னப் பையன். உனக்கு இன்னா தெரியும்?"

டெஸ்ட் ரூமுக்கு வந்து கதவைச் சாத்தினேன். திரும்பி வந்த பையைப் பிரித்தேன். உள்பையின் நாலு மூலையிலும் சர்க்கரை கட்டி கட்டியாக மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. பாட்டில் கழுவுகிற காஸ்டிக் சோடாக் கரைசலை ஒரு சொட்டு விட்டேன். சிவந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தித் தட்டில் வருமே, அதே சிவப்பு. எதற்கும் இருக்கட்டும் என்று நாலு மூலைக்கும் விட்டுப் பார்த்தேன். நாலும் சிவந்தன.

அடுத்த வாரம் ஆலை கெமிஸ்டிடமிருந்து ஒரு இன்லண்ட் கடிதம். அவரிடம் விளக்கம் கேட்டு ஆலையில் மெமோ கொடுத்திருக்கிறார்கள். 'நம்மிடத்தில் பாஸ் என்று நீ எழுதிய கார்டைக் காட்டினேன். மெட்ராஸ் ரிப்போர்ட்டைத்தான் நம்புகிறார்கள். எங்கே கோளாறு நடந்தது என்று உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது தம்பி.'

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யாரும் இல்லை என்பதுதான் சரி. கம்பெனியில் நான் சார். வீட்டில் போய்ச் சொன்னால் அம்மா அன்றைக்கே அம்மியைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிடுவாள். சாயங்காலம் சைக்கிளில் செங்கம் ரோட்டில் நான் தங்கியிருந்த வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்துவிட்டு, வெகுதூரம் போனது தெரிந்து திரும்பி வருவேன். நாலாம் நாள் முதலாளி அறைக்குப் போய் நின்றேன்.

"பையில இருந்தது மஞ்சள்ங்க. எங்கம்மா பூசினது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்கம்மாவா? சர்க்கரைக்கா?"

"பைக்குங்க. நாலு மூலையிலயும். நடுவுல குங்குமம்."

முதலில் சிரித்தார். மேஜையைத் தட்டிச் சிரித்தார். "எங்கூட்ல மோட்டாருக்கு வெப்பாங்க, லாரிக்கு வெப்பாங்க. டெஸ்ட்டுக்குப் போற சேம்பிளுக்கு வெச்சது உலகத்துலயே உங்கம்மாதான்!" சிரிப்பு சட்டென்று நின்றது. "அது உங்கூட்டுக்கு எதுக்குப் போச்சு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் பஸ் ஏறினேன் என்பதை மட்டும் சொல்ல வரவில்லை. "நேரமாயிடுச்சுங்க" என்றேன்.

"சரி, கேளு. தபால்ல மஞ்ச மூட்டையோட ஒண்ணா கெடந்துதுன்னு எழுது. ஈரோட்டு மஞ்சளோ சேலத்து மஞ்சளோ, எதனா ஒரு மஞ்சள். அவன் போயி பாக்கவா போறான்?"

"மேல சுத்துன தாள் சுத்தமா இருக்குதுங்க. அத அவங்களும் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் திருப்பி அனுப்பியிருக்காங்க. பொய்னு தெரிஞ்சா ஆலைமேல இன்னும் சந்தேகம் ஜாஸ்தியாவும். ஏற்கெனவே ஒரு பொய்யில கையெழுத்துப் போட்டிருக்கேங்க."

அவர் கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். வெளியே கிரேட் அடுக்குகிற சத்தம். "எழுதினா உன் வேலைக்கு நான் ஜவாப்தாரி இல்ல. தெரியுதா?"

"தெரியுதுங்க."

"எழுதிக்கோ. கம்பெனி லெட்டர்பேடுல எழுதாத. உம்பேர்ல, வெள்ளத் தாள்ல எழுது."

அன்றைக்குச் சாயங்காலம் அறையில் உட்கார்ந்து எழுதினேன். நடந்ததை வரிசையாக எழுதுவது சிரமமாக இல்லை. ஓர் இடத்தில்தான் பேனா நின்றது. யார் பூசியது? 'என் அம்மா' என்று எழுதினேன். மெட்ராஸில் ஏசி அறையில் உட்கார்ந்து இதைப் படித்து யாராவது சிரிப்பார்கள் என்று தோன்றியது. அடித்துவிட்டு 'என் இருப்பிடத்தில் உள்ள ஒருவர்' என்று மாற்றினேன். ஆங்கிலம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும் ஆள் இல்லை. பக்கத்து அறை வெள்ளைக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். கொண்டுபோய் நீட்டினேன். நிதானமாக இரண்டு தரம் படித்தார். பென்சிலால் இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தினார். அப்புறம் 'இருப்பிடத்தில் உள்ள ஒருவர்' என்பதை அடித்து, நான் அடித்திருந்த பழைய சொற்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கை கூப்பிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த ஒரு வருஷத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

வேறு தாளில் சுத்தமாக எழுதி அனுப்பினேன். நகல் ஒன்றை ஆலை கெமிஸ்டுக்கும் போட்டேன்.

மெட்ராஸ் பதில் எனக்கு வரவில்லை, முதலாளிக்கு வந்தது. மறு மாதிரிக்கு அனுமதி. அதை மெட்ராஸ் கம்பெனி அதிகாரியே நேரில் வந்து எடுப்பார். உண்மைக்கு மாறான உறுதிமொழியில் கையெழுத்திட்டவர் இனி இந்த நிறுவனத்தில் சோதனை சம்பந்தப்பட்ட எந்தப் பொறுப்பிலும் இருக்கக் கூடாது.

"வேலைய விட்டு எடுக்கச் சொல்லல. அத நான் பாத்துட்டேன்" என்றார் முதலாளி. "டெஸ்பாட்ச்ல உக்காரு. வண்டி நம்பர் எழுத ஆளு வேணும்."

அதிகாரி காரில் வந்து இறங்கிய நாளில் நான் கேட் பக்கத்துக் கூரைக்கொட்டாயில் உட்கார்ந்திருந்தேன். அவர் போகிற போக்கில் என்னைப் பார்த்து, "இவர் யாரு?" என்று முதலாளியைக் கேட்டார். "இவரா? டெஸ்பாட்ச்" என்றார் முதலாளி. இரண்டு பேரும் காரில் ஏறி ஆலைக்குப் போனார்கள். மூன்று மூட்டை எங்கே அடுக்கியிருக்கும், குடோனில் வெளிச்சம் எந்தப் பக்கம் வரும் என்று நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பங்குனி மத்தியில் அனுமதிக் கடிதம் வந்தது. அடுத்து ஒரு சோதனை உற்பத்தி நடந்து, அதுவும் சரியாக வந்து, பட்டியலில் மூன்றாவதாக அந்த ஆலை பெயர் ஏறியது. வெயில் ஏறுவதற்குள் முதல் லோடு வந்துவிட்டது. அந்தக் கோடையில் மிஷின் ஒரு நாளும் நிற்கவில்லை. நாலு தாலுகாவும் எங்களிடமே இருந்தன. முப்பது பேரும் இருந்தார்கள்.

முதல் லோடு லாரியில், டிரைவர் பக்கத்தில் ஆலை கெமிஸ்ட் உட்கார்ந்து வந்திருந்தார். கேட்டில் வண்டி நம்பர் எழுதப் போன நான் அவரைப் பார்த்து நின்றுவிட்டேன். இறங்கி வந்தார்.

"மூணு வாரம் தெனமும் கூப்ட்டு வெச்சுக் கேட்டாங்க" என்றார். "யாரு யாரையோ சந்தேகப்பட்டேன். எங்க குடோன் ஆளக்கூட திட்டிட்டேன், பாவம். உங்கள மட்டும் நெனைக்கவே இல்ல."

"மன்னிச்சிடுங்க."

"நீங்க எழுதினதாலதான் என் மெமோ போச்சு. அது எனக்குத் தெரியும்." லாரியின் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துப் பார்த்தார். "நல்லதுதான். வரட்டுங்களா?" ஆலையில் ஒரு டீக்குள் 'நீ' என்று சொன்னவர், இப்போது 'நீங்க' என்றார். அவர் உள்ளே போய், டெஸ்ட் ரூமுக்குப் புதிதாக வந்திருந்தவரோடு பேசிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடிப் பெண்கள் என்னைக் கூப்பிடுவார்களோ என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். டெஸ்ட் போனாலும் 'சார்' போகவில்லை. கொட்டாயிலேயே சாப்பிட்டேன்.

மூன்று ஞாயிறு கழித்து ஊருக்குப் போனேன். நான் கேட்டில் உட்கார்ந்து நம்பர் எழுதுவதை எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பஸ்ஸிலிருந்து பார்த்து வந்து சொல்லியிருந்தார். அப்பா என்னைக் கண்டதும் கழனிக்குப் போய்விட்டார். அம்மா சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தச் சர்க்கர ஒத்துக்கினாங்களாடா?"

"ஒத்துக்கினாங்கம்மா. லாரி லாரியா வருது."

"அப்ப உன்ன எதுக்கு வெளியில உக்கார வெச்சாங்க? எதனா தப்பு பண்ணிட்டியா?"

"இல்லம்மா."

"வேற யாராச்சும் பண்ணி உம்மேல போட்டாங்களா?"

"யாரும் பண்ணலம்மா. ஆளு மாத்துவாங்க. எல்லா கம்பெனியிலயும் அப்படித்தான்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குழம்பு கேட்டேன். எழுந்து போய்க் கொண்டுவந்து ஊற்றினாள். சாயங்காலம் வரை இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்தவன், மூன்று மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டேன். ரோடு வரைக்கும் கூடவே வந்தாள். பஸ் வரும்வரை இரண்டு பேரும் மரத்தடியில் நின்றோம். எனக்கு அவளிடம் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை மட்டும் சொல்லாமல், வெயிலைப் பற்றியும் மல்லாட்டை விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன்.